அடுப்படி இத்தாலியம்

‘ஏன்’ என்று நாம் எழுதும் ஒவ்வொரு முறையும் ஓர் இத்தாலியர் போட்டுக் கொடுத்த கோட்டையும் சேர்த்தே எழுதுகிறோம். பழைய ஏட்டெழுத்தில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவம் ஒன்றுதான். குறில் என்றால் மேலே ஒரு புள்ளி. நெடில் என்றால் புள்ளி இல்லை. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிடுவார்கள். அப்புறம் அது ‘எரி’யா ‘ஏரி’யா, ‘கொடு’வா ‘கோடு’வா என்று படிக்கிறவர்தான் இடம்பார்த்துத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டியவர் வீரமாமுனிவர். ஏகாரத்துக்குக் கீழே ஒரு கால் இழுத்தார், ஓகாரத்துக்கு ஒரு சுழி கொடுத்தார், ஒற்றைக் கொம்பிலிருந்து இரட்டைக் கொம்பைப் பிரித்தார். பள்ளிக்கூடத்தில் இரண்டு மார்க் கேள்வியாக எல்லோரும் படித்ததுதான்.

போர்த்துகீசியர்கள் நமக்குச் சொற்களை விட்டுப் போனார்கள். சாவி, அலமாரி, சன்னல், மேசை, கோப்பை எல்லாம் அவர்கள் கப்பலில் வந்தவை. இத்தாலியர்கள் அப்படிச் சொல்லென்று பெரிதாக எதையும் விடவில்லை. ஆனால் நம் எழுத்துக்குள்ளேயே கையை வைத்துத் திருத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். முப்பது வயதில் இங்கே வந்து இறங்கிய ஒருவருக்கு அந்த அளவுக்கு ஒரு மொழி எப்படி வசப்பட்டது? அதே கேள்வியைத் திருப்பியும் கேட்கலாம். முப்பது வயதில் இத்தாலியில் போய் இறங்கிய தமிழருக்கு இத்தாலிய மொழி எப்படி வசப்பட்டது? இரண்டு பேருமே அன்றாட வாழ்க்கையிலிருந்துதான் கற்றார்கள். ஆனால் கற்றதற்குக் கிடைத்த மரியாதை ஒன்றாக இல்லை.

*

வீரமாமுனிவரின் இயற்பெயர் கொன்ஸ்தான்சோ ஜுசெப்பே பெஸ்கி. 1680 நவம்பர் 8 அன்று வட இத்தாலியில், மாந்துவா பக்கம் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தார். இன்றைக்கு இருக்கிற மாதிரி ‘இத்தாலி’ என்றொரு நாடு அப்போது இல்லை. குறுநிலங்கள், கோமகன்களின் ஆட்சிகள், போப்பின் நிலம் என்று துண்டு துண்டாகக் கிடந்தது. மொழியும் அப்படித்தான். வீட்டிலும் தெருவிலும் அந்தந்த ஊர்ப் பேச்சு. எழுத வேண்டுமென்றால் ஃபிளாரன்ஸ் நகரத்து இலக்கிய மொழி. பள்ளிக்கூடத்திலும் கோவிலிலும் லத்தீன். ஒரு பையன் வளர்ந்து ஆளாவதற்குள் மூன்று தளங்களில் ஏறி இறங்க வேண்டும்.

இந்தப் பிளவை முதலில் உட்கார்ந்து யோசித்தவர் தாந்தே. 1303-க்கும் 1305-க்கும் இடையில் மக்கள் மொழியைப் பற்றி ஒரு நூல் எழுதத் தொடங்கி, பாதியில் விட்டார். எழுதியது என்னவோ லத்தீனில்தான். மக்கள் மொழி என்பது எந்த விதியும் இல்லாமல், செவிலித்தாய் பேசுவதைக் கேட்டுப் போலச் செய்து குழந்தை கற்பது. லத்தீன் போன்ற இலக்கண மொழி, பல ஆண்டு பாடம் கேட்டுப் படிப்பது. இரண்டில் உயர்ந்தது முதலாவதுதான் என்று அதில் சொன்னார். அந்தக் காலத்தில் அது பெரிய துணிச்சல். இத்தாலிய மண்ணின் பேச்சு வழக்குகளைப் பதினான்காகப் பகுத்து ஒவ்வொன்றாக எடைபோட்ட தாந்தே, சிசிலித் தீவுக்குத் தனி மரியாதை கொடுத்தார். காரணம், 13-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பலேர்மோவை மையமாகக் கொண்டு ஆண்ட இரண்டாம் ஃபிரெடரிக்கின் அவையில்தான் இத்தாலியக் கவிதை முளைத்தது. ‘சானெட்’ என்று உலகம் முழுக்கப் போன பதினான்கு வரிப் பா வடிவம் அந்த அவையில் பிறந்த பிள்ளை. பிற்பாடு ஃபிளாரன்ஸ் பேச்சு மேலே ஏறியது. சிசிலியம் ‘வட்டார வழக்கு’ என்று கீழே இறங்கியது.

1861-இல் இத்தாலி ஒன்றுபட்டபோது, புது நாட்டில் நாலில் மூன்று பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இத்தாலிய மொழியை உண்மையில் கையாளத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு இரண்டரைப் பேர்தான் என்று மொழியறிஞர் துல்லியோ தெ மாவ்ரோ கணக்குப் போட்டார். பத்துப் பேர் வரை இருக்கலாம் என்று பின்னால் வந்த இன்னோர் அறிஞர் திருத்தினார். எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும், இத்தாலியர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இத்தாலியம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய மொழியாகத்தான் இருந்தது. அவர்களுடைய பெரிய நாவலாசிரியர் மன்சோனி மிலான்காரர். 1827-இல் வெளியிட்ட தன் நாவலின் மொழி போதவில்லை என்று ஃபிளாரன்ஸுக்குப் போய் அந்த ஊர்ப் பேச்சைக் காதால் கேட்டுப் பழகி, நாவல் முழுவதையும் திருத்தி 1840 முதல் மறுபடி வெளியிட்டார். ஆர்னோ ஆற்றில் துணி அலசப் போனதாக அவர் இதைச் சொன்னது அங்கே இன்றும் வழங்குகிற பேச்சு.

*

பெஸ்கி இந்தியா வந்தது 1710-இல். அடுத்த ஆண்டு தமிழ்நாட்டுக்குள் வந்துவிட்டார். அவருக்கு நூறு ஆண்டு முன்னால், 1606-இல், மதுரைக்கு வந்த இன்னோர் இத்தாலியர் இராபர்ட் தெ நொபிலி. மரக்கறி உணவு, காவி உடை, தமிழோடு வடமொழியும் என்று மதுரையின் படித்த மக்களோடு அவர்கள் முறையிலேயே பழகிப் பாதை போட்டவர் அவர். அந்தப் பாதையில்தான் பெஸ்கி நடந்தார்.

பெஸ்கி தொடக்கத்தில் ஊழியம் செய்த ஊர்களில் ஒன்று காமநாயக்கன்பட்டி. எம்.ரெட்டியபட்டிக்காரர்கள் அருப்புக்கோட்டைக்கு வந்து தூத்துக்குடிச் சாலையைப் பிடித்து, பந்தல்குடி தாண்டி எட்டயபுரம் போய் மேற்கே திரும்பினால் போய்ச் சேரலாம். வழி நெடுக அதே கரிசல் மண்தான். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழைக்குக் காலில் அப்பிக்கொண்டு விடாது. கம்பும் சோளமும் பருத்தியும் விளைகிற மானாவாரிப் பூமி. தேம்பாவணி பாடியவரின் தமிழ் தஞ்சாவூர்ப் பக்கம் நெல் வயலில் விளைந்தது என்றுதான் பொதுவாக நினைப்போம். அதற்கான முதல் உழவில் ஒரு பங்கு இந்தக் காட்டில் நடந்திருக்கிறது.

அவர் தமிழ் கற்ற முறையைப் பற்றி நாம் பெரிதாகப் பேசுவது தேம்பாவணியை வைத்து. 1726-இல் முடிந்த அந்தக் காப்பியம் 3 காண்டம், 36 படலம், 3615 பாடல். சுப்ரதீபக் கவிராயரிடம் பாடம் கேட்டார் என்று மரபு சொல்கிறது. ஆனால் மொழி கற்கிறவனுக்கு அவர் விட்டுப்போன பெரிய சொத்து அதுவல்ல என்பது என் கட்சி. 1728-இல் எழுதி முடித்த கொடுந்தமிழ் இலக்கணம்தான் அது. புலவர்கள் எழுதுகிற மொழியை விட்டுவிட்டு, சந்தையிலும் வயலிலும் வீட்டிலும் பேசுகிற தமிழுக்கு லத்தீனில் இலக்கணம் எழுதினார். செந்தமிழுக்குத் தனியாக இன்னொன்று செய்தார்.

‘கொடுந்தமிழ்’ என்ற சொல்லை அவர் உண்டாக்கவில்லை. நம் இலக்கண உரைகளில் செந்தமிழ் நாட்டைச் சுற்றியுள்ள பன்னிரண்டு நிலங்களின் பேச்சுக்கு அந்தப் பெயர் உண்டு. தென்பாண்டியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கொடு என்றால் வளைவு. கொடுமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெஸ்கி அந்தச் சொல்லை எடுத்து, நிலம் எதுவானாலும் வாயில் புழங்குகிற தமிழ் முழுவதற்கும் பெயராக வைத்தார். அந்த நூலின் லத்தீன் தலைப்பில் கொடுந்தமிழைக் குறிக்க ‘வுல்காரி’ என்ற சொல் வருகிறது. தாந்தே தன் நூலின் தலைப்பில் மக்கள் மொழிக்கு வைத்ததும் இதே சொல்தான். நானூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு இத்தாலியர்கள் ஒரே சொல்லைத் தொட்டிருக்கிறார்கள். மூன்று தளங்களில் ஏறி இறங்கி வளர்ந்தவர் என்பதால்தான், தமிழ் இரண்டு தளத்தில் நிற்பது பெஸ்கிக்கு வந்தவுடன் கண்ணில் பட்டது என்று நினைக்கிறேன். நம்மவர்களுக்குப் பேச்சுத்தமிழ் இலக்கணம் எழுதுகிற அளவுக்கு ஒரு பொருட்டாகவே அப்போது தெரியவில்லை.

இந்த இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. அச்சிட்டவர்கள் லுத்தரன் சபைக்காரர்கள். பெஸ்கி அவர்களை எதிர்த்துக் கண்டன நூல்களே எழுதியவர். சமயத்தில் ஜென்மப் பகை. ஆனாலும் அந்தப் புத்தகம் இல்லாமல் அவர்களுக்கும் காரியம் ஆகாது, அதனால் எதிராளியின் நூலையே தங்கள் அச்சகத்தில் போட்டார்கள். பரமார்த்த குரு கதையும் இதே வேலையின் இன்னொரு பகுதி. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களை நாம் சிரிப்புக்காகத் தெரிந்து வைத்திருக்கிறோம். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்குகிற அந்தக் கதையை, பேச்சுத்தமிழ் பழக வேண்டிய ஐரோப்பியருக்கான வாசிப்புப் பாடமாக, பக்கத்திலேயே லத்தீனும் வைத்து அவர் எழுதினார். பேரம் பேசுவது, வழி கேட்பது, ஏமாறுவது, சண்டை போடுவது என்று ஒருநாள் வாழ்க்கையில் வாய் திறக்க வேண்டிய எல்லாச் சந்தர்ப்பமும் அதில் வந்துவிடும்.

*

இந்த இரட்டைத் தளம் எங்கள் கரிசல்காட்டுக்குப் புதிதில்லை. எம்.ரெட்டியபட்டி மாதிரி ‘ரெட்டி’ என்றும் ‘நாயக்கன்’ என்றும் பெயர் தாங்கிய ஊர்கள் இந்தப் பக்கம் வரிசையாகக் கிடக்கின்றன. விஜயநகர காலம் தொட்டு வடக்கேயிருந்து வந்தவர்களின் வீடுகளில் தெலுங்கு இன்னும் இருக்கிறது. அந்தத் தெலுங்குக்கு எழுத்துக் கிடையாது. பேசுகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தெலுங்கு எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. மாட்டிடம் பேசுவதற்கும், பேத்தியைத் திட்டுவதற்கும், செத்தவரைச் சொல்லி அழுவதற்கும் அது. ரேஷன் கடைக்கும் ஸ்கூலுக்கும் தமிழ். “நாங்க பேசறது தெலுங்கே இல்லைங்க, சும்மா கொச்சை” என்று அவர்களே சொல்வார்கள். ஆந்திராவில் போய்ப் பேசினால் அங்கே இருக்கிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்ற கூச்சம்.

அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்தவர்தான் இடைசெவல் கி. ராஜநாராயணன். வீட்டு மொழி தெலுங்கு, எழுதியது தமிழ். அவர் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982-இல் வந்தது. பெஸ்கி சதுரகராதி செய்தது 1732-இல். இரண்டுக்கும் நடுவே 250 ஆண்டு. நாட்டுப்புறத்தான் வாயில் இருக்கிற சொல்லும் அகராதியில் ஏறத் தகுந்ததே என்பதை நிலைநாட்ட இங்கே கி.ரா. எவ்வளவு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது என்பது அவரைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

*

எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் மல்லாங்கிணறு, குல்லூர்சந்தை என்ற ஊர்களை இலங்கைத் தமிழர் முகாம்களை வைத்தே வெளியூர்க்காரர்கள் அறிவார்கள். 1983 ஜூலைக்குப் பிறகு கடல் தாண்டி வந்தவர்கள் இங்கே வந்து தங்கினார்கள். அதே கலவரமும் அதே போரும் துரத்திய இன்னொரு கூட்டம் ஐரோப்பாவுக்குப் போயிற்று. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இத்தாலி அந்தப் பட்டியலில் அதிகம் பேசப்படுவதில்லை. இலங்கையிலிருந்து போய் இத்தாலியில் வாழ்பவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். அவர்களில் பெரும்பகுதி சிங்களவர். ஆனால் சிசிலித் தீவின் தலைநகர் பலேர்மோவில் மட்டும் கதை வேறு. அங்கே 1980-களிலிருந்து ஈழத்தமிழர்கள்தான் வேர் பிடித்திருக்கிறார்கள். இத்தாலியக் கவிதை முளைத்த அதே ஊரில், சில ஆயிரம் தமிழர்கள்.

அவர்களுக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் வீட்டு வேலை. கூட்டுவது, துடைப்பது, சமைப்பது, பிள்ளை பார்ப்பது, படுக்கையில் கிடக்கும் முதியவர்களைக் கவனிப்பது. ஊரில் வாத்தியாராகவோ கிளார்க்காகவோ இருந்தவரும் இங்கே அடுப்படிக்குத்தான் போனார். 1986-லும் 1990-லும் வந்த சட்டங்களால் பலருக்குத் தங்கும் அனுமதி கிடைத்தது. ஆகவே இவர்களுடைய இத்தாலியப் பள்ளிக்கூடம் அந்த வீடுகளின் அடுப்படி. வாத்தியார் அந்த வீட்டு எஜமானியம்மா, சில வீடுகளில் பக்கவாதத்தில் கிடக்கும் ஒரு கிழவி. செவிலித்தாயிடமிருந்து குழந்தை மொழி கற்பதாகத் தாந்தே சொன்னாரே, இங்கே செவிலிதான் மாணவி.

தமிழ் வாய்க்கு இத்தாலியம் ஒரு வகையில் சுலபம். சொற்கள் ஏறக்குறைய எல்லாமே உயிரெழுத்தில் முடியும். நாம் ‘பஸ்’ஸையே ‘பஸ்ஸு’ ஆக்கித்தான் பேசுகிறோம். ஒற்று இரட்டித்தால் பொருள் மாறும் என்பதும் நமக்குப் பழக்கம். பலி வேறு, பல்லி வேறு. அங்கே ‘நோனோ’ என்றால் ஒன்பதாவது, ‘நோன்னோ’ என்றால் தாத்தா. ‘காஸா’ வீடு, ‘காஸ்ஸா’ பெட்டி. ஆங்கிலம் பேசுகிறவர்கள் தடுமாறுகிற இந்த இடத்தில் தமிழர்கள் சட்டென்று தாண்டிவிடலாம். தடுக்கி விழுகிற இடம் வேறு. வல்லினத்தின் ஒலிப்பு வேறுபாட்டைக் காட்ட நமக்கு எழுத்து இல்லை. குடிப்பதற்கும் பேரிக்காய்களுக்கும் அங்கே முதல் ஒலியில் மட்டும்தான் வித்தியாசம். தமிழில் எழுதினால் இரண்டும் ‘பேரே’தான். ‘வந்தேமாதர’த்தின் தேவை அளவு தகரத்தை அழுத்திச் சொன்னாலும் ஆபத்து, சொல்லாவிட்டாலும் ஆபத்து.

அடுத்தது திணை. நமக்கு உயிரற்றது எல்லாம் அஃறிணை, அதோடு சரி. அங்கே நாற்காலி பெண்பால், மேசை ஆண்பால், வீடு பெண், புத்தகம் ஆண். பெயருக்கு ஏற்ப அடைமொழியும் மாற வேண்டும். இதற்குக் காரணம் கேட்டால் எஜமானியம்மாவுக்கும் தெரியாது. சோற்றை உருட்டி உள்ளே பூரணம் வைத்துப் பொரிக்கும் சிசிலிப் பலகாரம் ஒன்று உண்டு. பலேர்மோவில் அதற்குப் பெயர் ‘அரஞ்சீனா’, பெண்பால். தீவின் மறுபக்கம் கத்தானியா நகரத்தில் ‘அரஞ்சீனோ’, ஆண்பால். இதற்காக இரண்டு ஊர்க்காரர்களும் ஓயாமல் சண்டை போடுவார்கள். பலேர்மோவில் சமையல் கற்ற தமிழச்சி கத்தானியாவில் போய்ப் பேர் சொன்ன மாத்திரத்தில் எந்த ஊர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. சிசிலியத்தில் நாக்கை மேலே மடித்துச் சொல்லும் டகர ஒலி ஒன்று இருக்கிறது. குழந்தையைக் கொஞ்சும் ‘பிச்சிரிட்டு’ என்ற சொல்லில் அதைக் கேட்கலாம். பள்ளிக்கூட இத்தாலியத்தில் இந்த ஒலி இல்லை. வட இத்தாலிக்காரரான பெஸ்கி, ட, ண, ள, ழ எல்லாவற்றுக்கும் முப்பது வயதுக்கு மேல் நாக்கை மடித்துப் பழகியிருக்க வேண்டும். பலேர்மோ போன தமிழனுக்கோ அந்த டகரம் கையிலேயே இருந்தது. ‘நாளைக்குப் போறேன்’ என்று நாம் நிகழ்காலத்தில் எதிர்காலத்தைச் சொல்வது போலவே சிசிலியத்திலும் சொல்வார்கள். எதிர்காலத்துக்குத் தனி வினை வடிவம் அங்கே கிடையாது. பலேர்மோ பல்லாரோ சந்தையில் மீன் விற்கிறவன் கூவுகிற பேச்சு, இலக்கணப் புத்தகத்தின் இத்தாலியத்தைவிடத் தமிழ்க் காதுக்கு நெருக்கம்.

*

மரியாதைச் சொல்லில்தான் வாழ்க்கை நுழைகிறது. இத்தாலியத்தில் ‘தூ’ என்றால் நீ. மரியாதைக்கு ‘லேய்’. லேய் என்பதன் நேர்ப்பொருள் ‘அவள்’. எதிரில் நிற்பவர் மீசைக்காரராக இருந்தாலும் அவள்தான். தெற்கே ‘வோய்’ என்று பன்மையில் அழைக்கும் பழைய வழக்கமும் உண்டு. 1938-இல் முசோலினி அரசு, ‘லேய்’ ஆண்மையற்றது, அந்நிய வழக்கு என்று சொல்லி ‘வோய்’யைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று ஆணை போட்டது. ஆட்சி போனதும் ‘லேய்’ திரும்பி வந்துவிட்டது.

வீட்டு வேலைக்குப் போகிறவர் அந்த அம்மாவை ‘சின்யோரா, லேய்’ என்பார். அந்த அம்மா திருப்பி ‘தூ’ என்பார். ‘வா’, ‘எடு’, ‘கழுவு’, ‘மூடு’ என்று ஏவல் வினையாகவே மொழி காதில் விழும். தமிழ்நாட்டுக்கு வந்த ஒரு வெளிநாட்டுக்காரன் ‘வா, போ, எடு, கழுவு’ என்று மட்டுமே கேட்டுத் தமிழ் கற்றால் என்ன ஆவான் என்று யோசித்துப் பாருங்கள். டாக்டரிடம் போய் “வா, பார்” என்பான். பெஸ்கியின் காதில் விழுந்த தமிழ் அப்படிப்பட்டதா? “சாமி வாங்க, சாமி உக்காருங்க” என்றுதான் ஊர் அவரிடம் பேசியிருக்கும். ஒருவர் எந்த இடத்தில் நிற்கிறாரோ அந்த இடத்து மொழிதான் அவருக்குக் கிடைக்கும். அன்றாட வாழ்க்கையிலிருந்து மொழி கற்கலாம் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். யாருடைய அன்றாடம் என்ற கேள்வியை விட்டுவிடுகிறோம்.

அடுப்படிக்கு வெளியே பலேர்மோத் தமிழர்களுக்கு இன்னொரு பள்ளிக்கூடம் வாய்த்தது. அது ஒரு மலை. ஊரையொட்டி 600 மீட்டர் உயரத்தில் நிற்கிறது மோந்தே பெல்லெக்ரீனோ. அங்கே ஒரு குகையில் ரோசாலியா என்ற புனிதையின் கோவில். 1624-இல் பலேர்மோவைக் கொள்ளைநோய் வாட்டியபோது அந்த மலையில் ரோசாலியாவின் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றை ஊர்வலமாகக் கொண்டுவந்ததும் நோய் அடங்கியது என்பது ஊர் நம்பிக்கை. 2024-இல் அதன் நானூறாம் ஆண்டைக் கொண்டாடினார்கள். ஜூலை 14 இரவு பெரிய தேர்த் திருவிழா. செப்டம்பர் 4 மலையேற்றம். அந்த ஏற்றத்துக்குச் சிசிலியத்தில் ‘அக்கியனாத்தா’ என்று பெயர்.

அந்த மலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறுகிறவர்களில் தமிழர்களே நிறைய என்பது பலேர்மோக்காரர்களுக்குத் தெரிந்த செய்தி. கத்தோலிக்கர் மட்டுமில்லை, இந்துக்களும்தான். நேர்த்திக்கடன், மலைமேல் கோவில், கொள்ளைநோயை விரட்டிய பெண் தெய்வம். இதில் எது நமக்குப் புதிது? அம்மை கண்டால் மாரியம்மன் கோவிலுக்குப் போகிற ஜனத்துக்கு ரோசாலியாவை யாரும் விளக்க வேண்டியதில்லை. முதலாளியும் வேலைக்காரியும் ‘லேய்’யும் ‘தூ’வுமாக இருக்கிற வீட்டுக்கு வெளியே, இரண்டு பேரும் மூச்சு வாங்க ஒரே வழியில் ஏறுகிறார்கள். ‘வாழ்க பலேர்மோ, வாழ்க சாந்தா ரோசாலியா’ என்ற பொருளில் தேர்த் திருவிழாவில் எழும் கோஷத்தைத் தமிழர்களும் சேர்ந்து போடுகிறார்கள். ஏவல் வினையில்லாத இத்தாலியம் அவர்கள் வாயில் வருகிற இடங்களில் இதுவும் ஒன்று.

*

2010 டிசம்பரிலிருந்து இத்தாலியில் நீண்டகாலத் தங்கல் அனுமதி வேண்டுமென்றால் ‘ஏ2’ நிலை மொழித்தேர்வு எழுத வேண்டும். கேட்டுப் புரிந்துகொள்வது, படித்துப் புரிந்துகொள்வது, எழுதிப் பதில் சொல்வது என்று அதில் மூன்று பகுதி. பேச்சுக்குத் தனிப் பகுதி கிடையாது. 2018-இன் கடைசியில் வந்த சட்டம் குடியுரிமைக்கு ‘பி1’ நிலையை, அதாவது அதற்கும் ஒரு படி மேலே, கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வந்தவர் பத்து ஆண்டு வாழ்ந்திருக்கவும் வேண்டும். அதை ஐந்தாகக் குறைக்க 2025 ஜூனில் நடந்த பொதுவாக்கெடுப்பு, போதுமான பேர் வாக்களிக்காததால் செல்லாமல் போயிற்று. அங்கேயே பிறந்த பிள்ளையும் பதினெட்டு வயது வரை காத்திருக்க வேண்டும்.

இருபது, முப்பது ஆண்டு ஒரு கிழவியின் மருந்து நேரம், மலச்சிக்கல், பழைய காதல், பிள்ளைகள் மேல் இருக்கிற கோபம் எல்லாவற்றையும் அவள் மொழியிலேயே கேட்டு, அவள் மொழியிலேயே ஆறுதல் சொன்ன ஒருத்தி, படிவத்தில் இரண்டு வரி எழுதத் தெரியாமல் வெளியே நிற்க நேரலாம். அவள் காதில் விழுந்தது பாதி சிசிலியம். அது தேர்வுத்தாளில் இல்லை. எழுதுவதற்கு அவளுக்கு வேலையில் சந்தர்ப்பமே வந்ததில்லை. அரசு ஆபீஸுக்குப் போனால் பத்து வயது மகன்தான் “அம்மா, இவர் கேக்கிறது என்னெண்டா” என்று இடையில் நின்று பெயர்த்துச் சொல்கிறான். வீட்டில் அம்மா பெரியவள், கவுண்டரில் பிள்ளை பெரியவன்.

இத்தாலியர்களே ஒரு காலத்தில் இந்தக் கவுண்டரில் நின்றவர்கள்தான். 1960 முதல் 1968 வரை அரசுத் தொலைக்காட்சியில் அல்பெர்த்தோ மன்சி என்ற வாத்தியார் தினமும் கரித்துண்டால் படம் வரைந்து, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு இத்தாலியம் சொல்லிக்கொடுத்தார். வேலை முடிந்து வந்த விவசாயிகளும் கூலிக்காரர்களும் ஒரு டி.வி. பெட்டி முன்னால் கூட்டமாக உட்கார்ந்து நோட்டில் எழுதினார்கள். ‘இனிமேல் நேரமாகிவிட்டது என்று ஒன்றில்லை’ என்ற பொருளில் நிகழ்ச்சிக்குப் பெயர். ஊர்ப் பேச்சு பேசிய தன் ஜனத்தை இத்தாலி அப்படி அருகில் உட்கார வைத்துத்தான் மொழிக்குள் கொண்டுவந்தது. வந்தவர்களுக்கு முன்னால் பரீட்சையை வைத்தது. பெரியவர்களுக்கான அரசு வகுப்புகள் இப்போதும் நடக்கின்றன, உண்மைதான். ஆனால் ராத்திரி முழுக்க நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் முழித்திருப்பவளுக்கு வகுப்பு நேரம் ஒத்துவர வேண்டுமே.

வசதியோடு இத்தாலியம் கற்றவர்களும் உண்டு. வங்காளப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஜும்பா லாஹிரி, புலிட்சர் பரிசு வாங்கிய பிறகு 2012-இல் குடும்பத்தோடு ரோமுக்குக் குடிபெயர்ந்தார். ஆங்கிலத்தை ஒதுக்கி இத்தாலியத்திலேயே எழுதினார். அந்தப் புத்தகம் 2015-இல் வந்தது. அந்நிய மொழியில் தடுமாறுவதன் சுகத்தை அவர் எழுதினார், உலகம் வாசித்தது. அவர் உழைப்பைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. தடுமாற்றம் ஒருவருக்கு இலக்கியமாகவும் இன்னொருத்திக்கு நிராகரிக்கப்பட்ட விண்ணப்பமாகவும் ஆவதை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

பெஸ்கியையும் அந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அவருடைய அறிவும் உழைப்பும் அபாரம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவரிடம் யாரும் பரீட்சை வைக்கவில்லை. நம் தெருப்பேச்சைக் கேட்டு அவர் நமக்கே இலக்கணம் எழுதினார். கற்றவருக்கு எழுத நேரமும், தாளும், கேட்டுத் திருத்தப் புலவர்களும், அச்சிட ஒரு அச்சகமும் இருந்தால் அன்றாடப் பேச்சு நூலாகிறது. இல்லாவிட்டால் அது ‘கொச்சை’ என்ற பேரோடு கற்றவரின் வாயிலேயே நின்றுவிடுகிறது. எங்கள் கரிசல் தெலுங்குக்கு நடந்ததும் இதுதான்.

பலேர்மோவில் முதலில் போய் இறங்கியவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. அவர்கள் வாயில் ஒரு மொழி இருக்கிறது: யாழ்ப்பாணத் தமிழில் எலும்பு, இத்தாலியத்தில் சதை, இடையிடையே சிசிலியம். அவர்கள் பிள்ளைகள் நல்ல பள்ளிக்கூட இத்தாலியம் பேசுகிறார்கள், வார இறுதி வகுப்பில் செந்தமிழ் படிக்கிறார்கள். இரண்டுமே நல்லதுதான். அம்மாவின் அடுப்படிப் பேச்சு மட்டும் இந்த இரண்டு நோட்டிலும் இல்லை. எந்தச் சொல்லை எந்த வேலையின்போது கற்றாள், எதைத் தமிழில் என்னவென்று மாற்றி வைத்துக்கொண்டாள், எந்தச் சொல்லுக்கு முதலில் அழுதாள் என்று உட்கார்ந்து கேட்டு எழுத இரண்டு மொழியும் தெரிந்த அந்தப் பிள்ளைகளால்தான் முடியும். பெஸ்கியின் கொடுந்தமிழ் இலக்கணம் அவர்களுக்கு மாதிரியாக இருக்கிறது, கி.ரா.வின் அகராதியும் இருக்கிறது. எங்கள் ரெட்டியபட்டிப் பக்கத்துத் தெலுங்குக்கும் அப்படி ஒரு நோட்டு வேண்டும். அதைப் பேசுகிற பாட்டிகள் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள்.